வீட்டை அடகு வைக்காதீர்கள், மகளை மியூசியத்துக்கு அனுப்புங்கள்

வணக்கம் அக்கா. உங்கள் நீளமான வாட்ஸ்அப் செய்தியைப் படித்தேன். பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் உயிரியலில் ஏ எடுத்த மகள் மருத்துவம் வேண்டாம் என்கிறாள், "அப்புறம் எதுக்கு சயன்ஸ் ஸ்ட்ரீம் படிச்சா?" என்று நாத்தனார் கேட்கிறார், உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. கவலைப்படாதீர்கள் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் இருக்கிற ஒரே வீட்டை அடகு வைக்க அண்ணன் பேங்க் வரை போய்விட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மேல் நயமாகப் பேச மனம் வரவில்லை.

தனியார் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் மொத்தக் கட்டணம் 3 லட்சம் மலேசிய வெள்ளியைத் தாண்டும். படித்து வந்தாலும், 2016 இறுதியிலிருந்து புதிய டாக்டர்களுக்கு அரசு மருத்துவமனையில் முதலில் ஒப்பந்த வேலைதான். 2021 ஜூலையில் அந்த டாக்டர்களே கறுப்புச் சட்டை போட்டு வெளிநடப்புச் செய்தார்கள், நாத்தனாருக்கு மறந்திருக்கும். ஆசையுள்ள பிள்ளை இதையெல்லாம் தாங்கும். ஆசையில்லாத பிள்ளை மூன்றாம் வருடம் படிப்பை நிறுத்தினால், கடன் நிற்காது.

மகள் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழக) மியூசியத்தில் அறிவியல் உரை கேட்கப் போகிறாள், "வெறும் பொழுதுபோக்கு" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. குவார் கெப்பா என்ற தொல்லியல் இடம் பற்றிய உரையிலிருந்து வந்து இரவெல்லாம் பேசினாளாமே! கெப்பாலா பத்தாஸ் பக்கம், நம் செபராங் பிறையில்தான் இருக்கிறது அந்த இடம். கடற்கரை அங்கேயே இருந்த காலத்தில் மனிதர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் குவிந்திருந்தன, பிற்பாடு சுண்ணாம்புக்காக அவற்றைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். பழைய அகழாய்வுகளின் எலும்புக்கூடுகள் நெதர்லாந்தின் லைடன் நகரம் வரை போய்விட்டன. 2017இல் யுஎஸ்எம் ஆய்வாளர்கள் 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள்.

இதில் உயிரியலுக்கு நிறைய வேலை இருக்கிறது. எலும்பைப் பார்த்து வயது, நோய், பல்லின் தேய்மானம் சொல்ல வேண்டும். சிப்பியின் வயதைக் கார்பன் முறையில் கணித்தால் சில நூறு ஆண்டுகள் கூடுதலாகக் காட்டும், கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால் அதைக் கழித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். சல்லடையில் மண்ணை அலசி, துண்டு துண்டாகப் பிரித்து, எண் எழுதி வைக்கிற பொறுமையும் வேண்டும். அடுத்த உரை முடிந்ததும் பேச்சாளரிடம் போய், தொண்டூழியராக வரலாமா என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கூடப் போகாதீர்கள்.

செலவா? அரசுப் பள்ளியில் ஆறாம் படிவம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு), கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. அப்புறம் அரசுப் பல்கலைக்கழகத்தில் உயிரியலோ நிலவியலோ பட்டம். அதன் பிறகு யுஎஸ்எம் தொல்லியல் ஆய்வு மையத்தில் முதுகலை. வேலைக்கு அரும்பொருளகத் துறை, தேசிய மரபுடைமைத் துறை, பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் என்று இடங்கள் உண்டு. மக்களுக்கு அறிவியலை விளக்குவதில் ஆசை வந்தால் பினாங்கு கொம்தாரில் டெக் டோம், கோலாலம்பூர் கேஎல்சிசியில் பெட்ரோசைன்ஸ் என்று அறிவியல் மையங்கள் இருக்கின்றன. பணியிடங்கள் குறைவு, ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் சம்பளம் கிடைக்காது, அதை அவளிடமே சொல்லிவிடுங்கள். தெரிந்தும் போகிறேன் என்றால் விடுங்கள்.

பேங்க் பாரத்தில் அண்ணன் இன்னும் கையெழுத்துப் போடவில்லைதானே? போட வேண்டாம். ஆறாம் படிவத்தில் உயிரியலோடு வேதியியலையும், இயற்பியல் அல்லது கணிதத்தையும் எடுக்கச் சொல்லுங்கள், பிறகு மனம் மாறி மருத்துவமே கேட்டாலும் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம்.