மேடையில் யாரும் ஸ்கேல் வாசிப்பதில்லையே?

அன்புள்ள அண்ணா,

தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் ஹட்டனுக்குப் போய்க் கிட்டார் படிக்கிறேன். தேவாலயப் பாடகர் குழுவுக்கு நான்தான் வாசிக்கிறேன். சி, எஃப், ஜி என்ற மூன்று கோர்ட்களை (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது) வைத்தே பெரும்பாலான பாடல்களைச் சமாளித்துவிடுகிறேன். ஆனால் சேர் மாதக்கணக்காக ஸ்கேல் (சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது) மட்டுமே வாசிக்கச் சொல்கிறார். மேடையில் யாரும் ஸ்கேல் வாசிப்பதில்லையே, பிறகு இது எதற்கு? எங்கள் அம்மாயி பாடும் தாலாட்டு ஒன்றை வாசிக்கப் பார்த்தேன், முடியவில்லை. இணையத்தில் தேடியும் அதற்குக் கோர்ட் கிடைக்கவில்லை. எங்கள் வரிசை வீட்டுக் காம்பராவில் சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை வேறு இருக்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்தான் இதையே வாசிப்பது?

உங்கள் வாசகன், தலவாக்கலை

அன்புத் தம்பி,

அம்மாயியின் தாலாட்டிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு இணையத்தில் கோர்ட் இல்லாததில் வியப்பில்லை. நம் மலையகத்துப் பாடல்கள் தொட்டிலடியிலும் கொழுந்து மலையிலும் காமன் கூத்து நடக்கும் பொட்டலிலும் வாய்வழியாக வந்தவை. சிலவற்றின் வரிகளையாவது எழுதி வைத்தார்கள். மெட்டைச் சுரப்படுத்தி வைத்தது மிகக் குறைவு. பிறர் எழுதி வைத்ததைப் பார்த்து வாசிக்கக் கோர்ட் போதும். எழுதப்படாத ஒன்றை வாசிக்க, காதில் விழுந்த சுரத்தை விரல் தானே போய்த் தொட வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு ஸ்கேலை விட்டால் வேறு வழியை நான் அறியேன்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கட்டைகள்தான் பிரெட். ஒரு பிரெட் தள்ளினால் அரைச்சுரம் ஏறுகிறது. 12 பிரெட் தள்ளினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். இடையில் கிடக்கும் பன்னிரண்டில் ஏழைப் பொறுக்கி எடுப்பதுதான் மேஜர் ஸ்கேல். ஒரே கம்பியில் இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என்று பிரெட் தாண்டிப் பாருங்கள், அது வந்துவிடும். கர்நாடக இசை படித்தவர் கேட்டால் சங்கராபரண ராகம் என்பார். தாய் ராகங்களின் பட்டியலான மேளகர்த்தா வரிசையில் 29ஆவது. நீங்கள் தினமும் போடுகிற மூன்று கோர்ட்களும் இதற்குள்தான் இருக்கின்றன. சி சுரத்தை ஸ என்று வைத்துக்கொண்டால், சி கோர்ட் என்பது ஸ, க, ப. எஃப் என்பது ம, த, ஸ. ஜி என்பது ப, நி, ரி. மூன்றையும் சேர்த்தால் ஏழு சுரமும் வந்துவிடுகிறது, ஒன்றுகூட மீதமில்லை! ஸ்கேல் கைக்கு வந்தவனுக்குப் பாடகர் எந்தச் சுரத்தில் நிற்கிறாரோ அதை வைத்துக் கோர்ட்டை ஊகிக்க முடியும். பாட்டுக் கொப்பியைப் புரட்ட வேண்டியதில்லை.

விரலுக்கும் இதில் பெரிய வேலை இருக்கிறது. சி மேஜரை ஐந்தாம் கம்பியின் (மெல்லிய கம்பியை ஒன்றாக எண்ணி) 3ஆம் பிரெட்டில் தொடங்குங்கள். அங்கே 3, 5ஆம் பிரெட்கள். நான்காம் கம்பியில் 2, 3, 5. மூன்றாம் கம்பியில் 2, 4, 5. ஒரு பிரெட்டுக்கு ஒரு விரல் என்று வைத்தால் எட்டுச் சுரத்தில் மூன்று சுண்டுவிரலுக்குப் போகும். அந்த மூன்று கோர்ட்களை மட்டுமே, அதுவும் எளிய வடிவில், பிடிப்பவர்களுக்குச் சுண்டுவிரல் பெரும்பாலும் சும்மாவே கிடக்கும். இந்த வடிவத்தில் திறந்த கம்பி எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். அப்படியே இரண்டு பிரெட் மேலே நகர்த்தினால் டி மேஜர். பாடகர் குழுவில் ஒருவர் தொண்டை சரியில்லை, சுருதியைக் குறையுங்கள் என்று கடைசி நேரத்தில் கேட்டாலும் நீங்கள் தடுமாற மாட்டீர்கள்.

இனித் தாலாட்டு. அம்மாயியைப் பாடச் சொல்லி, அவர் சம்மதித்தால் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். அடியின் முடிவில் அவர் குரல் எங்கே வந்து ஓய்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அதுதான் அவருடைய ஸ. அந்தச் சுரம் ஐந்தாம் கம்பியில் எந்தப் பிரெட்டில் இருக்கிறது என்று தேடி, வடிவத்தை அங்கே கொண்டுபோய் வையுங்கள். முதலில் ம, நி இரண்டையும் விட்டு ஸ, ரி, க, ப, த என்ற ஐந்தை மட்டும் முயலுங்கள். இவை மோகன ராகத்தின் சுரங்கள். தாலாட்டு பெரும்பாலும் நாலைந்து சுரங்களுக்குள்ளேயே சுற்றி வரும். பொருந்தாத இடத்தில் மற்றவற்றைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அவர் குரல் சுரங்களுக்கு நடுவே வழுக்கிச் செல்லும் இடங்கள் பிரெட்டில் இருக்காது. கம்பியை இழுத்தும் விரலைச் சறுக்கியும்தான் அவற்றைப் பிடிக்க வேண்டும். அதைப் பிடிக்காமல் சுரங்களை மட்டும் தட்டினால் அது அம்மாயியின் பாட்டாக இருக்காது.

சலிப்பு வருவது ஏறி இறங்குவதை மட்டுமே செய்வதால். கர்நாடக இசையில் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையோடு யாரும் நின்றுவிடுவதில்லை, ஜண்டை வரிசை வருகிறது, தாட்டு வரிசை வருகிறது. நீங்களும் ஒவ்வொரு சுரத்தையும் இரண்டிரண்டு முறை வாசியுங்கள். ஸக, ரிம, கப என்று ஒன்றைத் தாண்டி வாசியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசிக்கிற சுரத்தை வாயாலும் பாடுங்கள். வாய் மூடியிருந்தால் விரல் மட்டும்தான் படிக்கும், காது படிக்காது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோநோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துத் தட்டுக்கு ஒரு சுரம், தவறாமல் வந்தால் இரண்டு. வேகத்துக்கு அவசரப்படாதீர்கள்.

நேரம் கேட்டீர்கள். தினமும் கால் மணி நேரம் போதும், ஆனால் தினமும். வாரம் முழுவதும் விட்டுவிட்டு வெள்ளி இரவு இரண்டு மணி நேரம் வாசிப்பதில் பயனில்லை. குழந்தை தூங்கும் நேரத்தில் வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜுக்கு (கிட்டாரின் உடலில் கம்பிகள் முடியும் இடம்) அருகே கம்பிகள்மேல் மெல்லச் சாய்த்து வையுங்கள். ஒலி அடங்கிவிடும், சுரம் கேட்கும். காலைக் குளிரில் விறைத்த விரலோடு தொடங்காமல் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். நம் ஊர் ஈரத்தில் துரு சீக்கிரம் ஏறும்.

சி மேஜர் பார்க்காமலே கைக்கு வந்ததும் ஏ மைனருக்குப் போங்கள். புதிய சுரம் எதுவும் இல்லை, அதே ஏழுதான். முன்பு த என்று வாசித்ததை இப்போது ஸ என்று கொண்டு தொடங்கினால் நடபைரவி ராகம் வந்துவிடும்.

அன்புடன்,
அண்ணா