அகதிகள் பெருமளவில் வந்தால் உள்ளூர்க்காரர்களின் வேலை போகுமா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஒரே வரியில் பதில் கிடையாது, ஆய்வாளர்களே இதில் பல வருடமாக மல்லுக்கட்டுகிறார்கள். சண்டையின் மையம் அமெரிக்காவின் மயாமி நகரம். 1980இல் கியூபாவின் மரியல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் படகுகளில் அமெரிக்கா வந்தார்கள், பாதிப் பேர் அளவுக்கு மயாமியிலேயே தங்கிவிட, அந்த நகரத்தின் உழைப்பாளர் எண்ணிக்கை சட்டென்று 7 சதவீதம் கூடியது. உள்ளூர்க் கூலியில் பெரிய மாற்றமே இல்லை என்றார் பொருளாதார அறிஞர் டேவிட் கார்டு, 1990இல். பிற்பாடு இன்னொரு பொருளாதார அறிஞர் ஜார்ஜ் போர்ஹாஸ் பள்ளிப்படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்துவிட்டு, கூலி பலமாக விழுந்தது என்றார். அப்புறம் வேறு சிலர், அவர் கணக்கில் எடுத்த ஆட்கள் ரொம்பக் கொஞ்சம், அதில் சராசரியாகக் குறைந்த கூலி வாங்கிய கறுப்பினத்தவரின் பங்கும் அதே சமயத்தில் கூடியது, சராசரிக் கூலி இறங்கியதாகத் தெரிவது அதனால்தான் என்று மடக்கினார்கள். எனக்கென்னவோ கார்டு பக்கம்தான் வலுவாகப் படுகிறது.

டென்மார்க்கில் 1986 முதல் 1998 வரை அகதிகளை எந்த ஊரில் குடியமர்த்துவது என்று அரசே தீர்மானித்தது. (ஆய்வாளர்களுக்கு இது வரப்பிரசாதம், வேலை கிடைக்கிற ஊராகப் பார்த்து அகதிகளே போனார்கள் என்ற சிக்கல் இல்லையே.) அங்கே படிப்பு குறைந்த உள்ளூர்க்காரர்கள் உடலுழைப்பு குறைவான வேலைகளுக்கு நகர்ந்தார்கள், கூலியும் விழவில்லை.

துருக்கி கதை வேறு. அங்கே 2016 வரை பெரும்பாலான சிரிய அகதிகளுக்கு வேலை அனுமதி கிடையாது, அதனால் பதிவில்லாத வேலைகளில்தான் போய்ச் சேர்ந்தார்கள். அடிபட்டதும் அதே மாதிரி வேலைகளில் இருந்த உள்ளூர் ஏழைகள்தான்.