கவுன்ட்டரில் இருப்பவருக்கு யார் சொல்லித்தருவது? – கடிதம்

அன்புள்ள சார்,

வேலூர் வட்டாரத்தில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் நூலகத்தில் 11 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். எங்கள் நூலகர் அவ்வப்போது புத்தாக்கப் பயிற்சிக்குப் போய்வருகிறார். எங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. போன வருடம் கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு மாறினோம். ஒரு பையன் வந்து மதியச் சாப்பாடு வரை புரொஜெக்டரில் காட்டிவிட்டுப் போனான், அவ்வளவுதான். ஆய்வு மாணவர்கள் கேட்பதில் பாதிக்கு எனக்குப் பதில் தெரிவதில்லை. கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர், "புக்கை வாங்கி வைக்கணும், எடுத்துக் கொடுக்கணும். இதுக்கு எதுக்கும்மா பயிற்சி?" என்கிறார். கைக்காசு போட்டு ஏதாவது படிக்கலாமா? 43 வயதில் அது வீண்தானா?

பெயர் வேண்டாம்,
வேலூர் மாவட்டம்

அன்புள்ள தோழிக்கு,

முதலில் உங்கள் அண்ணனுக்கு ஒரு கதை. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்குமுன் கணக்கு வாத்தியார். நூலக வேலை தெரியாது. வந்த சில நாளிலேயே சலித்துப்போய், பழையபடி மாநிலக் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டவர். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்றார்கள். போனவர் வகுப்போடு நிற்கவில்லை. நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார், லண்டனை ஒட்டிய குராய்டன் நூலகத்தில் வேலை பழகினார். திரும்பி வந்து 1929-ல் சென்னை நூலகச் சங்கத்தின் மூலம் மற்றவர்களுக்கும் பயிற்சி வகுப்பு தொடங்கிவிட்டார்.

ஏறக்குறைய நூறு வருடம் ஆகிறது. இன்றும் புத்தாக்கப் பயிற்சி பதவி உயர்வுக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆசிரியர்களுக்கு இணையான ஊதியத்தில் இருக்கும் நூலகருக்கு அது தேவை, அதனால் போகிறார். உங்களுக்கு அந்தக் கணக்கு இல்லை, அதனால் யாரும் அனுப்புவதில்லை. மாணவர் வந்து நிற்பது என்னவோ உங்கள் முன்னால்தான். (2020 ஊரடங்கின்போது வாரம் நாலு இணையவழிக் கருத்தரங்கு நடந்ததே, நானும் சிலவற்றில் உட்கார்ந்தேன். ஒலியை அணைத்துவிட்டு வெங்காயம் நறுக்கினேன். எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வந்தது.)

சில வருடங்களுக்கு முன், பாலாற்று ஏரிப் பாசனம் பற்றிப் படிக்க உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போயிருந்தேன். கணினியில் வேலூர் என்று தேடினால் 1806 சிப்பாய் எழுச்சியும் கோட்டையும்தான் வந்தன. பக்கத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த வயதான உதவியாளர் திரும்பாமலே, "வட ஆற்காடுன்னு போட்டுப் பாருங்க சார்" என்றார். போட்டேன். காக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய 1881-ஆம் வருட மாவட்டக் கையேடு வந்தது. வேலூர் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. 1989-ல் அதிலிருந்து திருவண்ணாமலை பிரிந்து போனது, மிச்சம் அம்பேத்கர் பெயரோடு வட ஆற்காடாக இருந்தது, பிறகு வேலூர் ஆனது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனித்தனி ஆயின. புத்தகம் மட்டும் பழைய பெயரிலேயே அலமாரியில் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்துப் போனபோது அந்தப் பெரியவர் ஓய்வு பெற்றிருந்தார். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் தட்டிப் பார்த்துவிட்டு "இல்லை சார்" என்றார். நானே அவரை அலமாரிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். அவர்மேல் தப்பில்லை. பெரியவருக்குத் தெரிந்ததை யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை.

மென்பொருள் காட்டவந்த பையனுக்கும் இதெல்லாம் தெரியாது. உங்கள் தமிழ்ப் புத்தகப் பதிவுகளில் பழையவற்றை ஒருமுறை திறந்து பாருங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை, இப்போது எல்லாக் கணினியும் படிக்கும் யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றியிருந்தால், 'தமிழ்' என்ற சொல் நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். மாணவர் தமிழில் தேடினால் அந்தப் புத்தகம் சாகும்வரை சிக்காது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை அரை நாளில் சொல்லித் தந்துவிடலாம். தேடியது ஏன் கிடைக்கவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் பழக்கம் வேண்டும்.

சரி, கைக்காசு விஷயம். நூலக அறிவியலில் பட்டம் இல்லையென்றால், இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ தொலைநிலையில் படியுங்கள். அந்தப் பணம் வீண்போகாது. பட்டம் இருக்கிறது என்றால் இப்போதைக்குச் செலவு வேண்டாம். மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் பாடங்களை இலவசமாகவே கேட்கலாம், தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். ஆய்வு மாணவருக்காக முதலில் சோத்கங்கா இணையதளத்தில் தேடிப் பழகுங்கள். நாடு முழுவதிலிருந்தும் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே சேர்கின்றன. உங்களுடையது அரசு நிறுவனம் என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், முன்பு காசு கேட்ட ஆய்விதழ்களில் பல இப்போது உங்கள் மாணவருக்குத் திறக்கும். அது தெரியாமல் அவர் எங்கேயோ திருட்டுப் பிரதி தேடிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, கவுன்ட்டரில் ஒரு 40 பக்க நோட்டு வையுங்கள். பதில் தெரியாத கேள்வியை, மாணவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். சனிக்கிழமை கூட்டம் குறைந்த பிறகு ஒரு மணி நேரம், நூலகரையும் அந்த அண்ணனையும் வைத்துக்கொண்டு அதைப் பிரித்துப் பாருங்கள். நூலகர் அடுத்த பயிற்சிக்குப் போய்வந்ததும், அங்கே என்ன சொன்னார்கள் என்று டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். அநேகமாக இதுவரை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

43 வயது பற்றிக் கேட்டீர்கள். ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

நோட்டின் முதல் கேள்வியை நானே தருகிறேன். வேலூர் என்று தேடுகிறவருக்கு வட ஆற்காடும் சேர்ந்து வரும்படி கோஹாவில் எப்படிச் செய்வது? அதற்கு வழி உண்டு. நூலகருக்கும் தெரியாவிட்டால் இருவருமாக உட்கார்ந்து தேடுங்கள்.