கணவர் எல்லையில், சம்மன் வீட்டில்: கோர்ட்டுக்கு யார் போவது?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார், இப்போது லடாக்கில் இருக்கிறார். மறைந்த மாமனார் பெயரில் பட்டா உள்ள 1 ஏக்கர் 20 சென்ட் நிலத்தில் பாதி தனக்குச் சேரும் என்று மாமனாரின் தம்பி பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறார். முதல் பிரதிவாதி மாமியார், இரண்டாவது என் கணவர். அமீனா கொண்டுவந்த இரண்டு சம்மனையும் நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். 18 நாளில் வாய்தா. அவருக்கு லீவு கிடைக்காது. "பட்டாளத்துக்காரர் மேல் கேஸ் நடக்காது, விடு" என்கிறார்கள் ஊரில். விடலாமா? கணவருக்காக நானே வக்காலத்தில் கையெழுத்துப் போடலாமா?
– வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: சகோதரி, இரண்டும் கூடாது.

முதலில் கையெழுத்து விஷயம். கணவர் பெயரை வக்காலத்தில் நீங்கள் எழுதினால் அது போலிக் கையெழுத்து. அந்தத் தேதியில் அவர் லடாக்கில் பணியில் இருந்தார் என்பதை அவருடைய யூனிட் பதிவேடே காட்டிக்கொடுத்துவிடும். நிலத்துக்காக நடக்கும் வழக்கு உங்கள் மேல் குற்ற வழக்காகத் திரும்பும். "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஊரார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 1925-ம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்காடல் சட்டம் என்று ஒன்று உண்டு. படைவீரர் வர இயலாத நிலையில் இருக்கிறார், அவருக்காக அதிகாரம் பெற்ற யாரும் ஆஜராகவில்லை என்று நீதிமன்றம் கருதினாலோ, மாவட்ட ஆட்சியர் அப்படிச் சான்றளித்தாலோ, வழக்கை நிறுத்திவைத்து ராணுவ அதிகாரிக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். படைவீரர் சட்டத்தில் சொல்லும் சிறப்புச் சூழலில் பணியில் இருக்கிறார், ஒத்திவைப்பு தேவை என்று சான்று வந்தால் நீதிமன்றம் ஒத்திவைத்தே ஆக வேண்டும். குறித்த காலத்துக்குள் சான்று வராவிட்டால் வழக்கை மேலே நடத்தலாம். யாரும் எதுவும் சொல்லாமலே வழக்கு தானாக நின்றுவிடாது. அவர் ராணுவத்தில் இருக்கிறார் என்பதையே எதிர்த்தரப்பு பிராதில் (வழக்கு மனுவில்) எழுதாமல் விட்டிருக்கலாம். அப்படியானால் நீதிபதிக்கு அது தெரியவே தெரியாது. பெயரைக் கூப்பிடுவார்கள், பதில் இருக்காது, ஒருதலைப்பட்ச உத்தரவு விழும்.

உங்கள் வழக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாமியாரின் நலனும் கணவரின் நலனும் ஒன்றே, மாமியார் அதைச் சரியாகவே காத்துக்கொள்கிறார் என்று நீதிமன்றம் கருதினால் நிறுத்திவைக்க மறுக்க அதே சட்டம் இடம் தருகிறது. அதனால் ஒத்திவைப்பை நம்பி இருக்காதீர்கள். தவிர, வழக்கை இழுத்துக்கொண்டே போவதில் உங்களுக்கு என்ன லாபம்? நடத்தி முடிப்பதே நல்லது என்பது என் கருத்து.

அதற்கு வழி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 28-வது கட்டளை. லீவு கிடைக்காத படைவீரர் தமக்குப் பதிலாக வழக்கு நடத்த யாரை வேண்டுமானாலும், மனைவி உட்பட, எழுத்தில் அதிகாரப்படுத்தலாம். கமாண்டிங் ஆபீசர் முன்னிலையில் அவர் கையெழுத்திட வேண்டும். அந்த அதிகாரி மேலொப்பமிட வேண்டும். அசலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மேலொப்பமே லீவு கிடைக்கவில்லை என்பதற்கும் போதுமான சான்று. அதன்பின் வக்கீலை நியமிப்பது நீங்கள். வக்காலத்தில் உங்கள் பெயரையே எழுதிக் கையெழுத்திடலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: இது தாக்கலானதும் அவருக்கு ஆள் இருக்கிறது என்றாகிவிடும். பிறகு 1925 சட்டப்படி நிறுத்திவைக்கக் கேட்க முடியாது. ஆகவே எந்த வழி என்பதை வக்கீலோடு முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த அதிகாரக் கடிதம் பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான் கெடுகிறது. நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு, அவர் எத்தனையாவது பிரதிவாதி என்பது எல்லாம் சம்மனில் உள்ளபடியே இருக்கட்டும். ராணுவப் பதிவில் முழுப் பெயர், பிராதில் இனிஷியல் என்று வித்தியாசம் இருந்தால் "என்கிற" போட்டு இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். பக்கத்து ஊர் நோட்டரியின் முத்திரை அதிகாரியின் மேலொப்பத்துக்கு ஈடாகாது. வாட்ஸ்அப்பில் வரும் படம் உங்கள் வக்கீல் சரிபார்க்க உதவும். கோர்ட்டுக்கு அசல்தான் தேவை. ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) வழித் தபால் வந்து சேர நாளாகலாம். ஊருக்கு லீவில் வரும் நம்பகமான சக வீரர் யாராவது இருந்தால் அவர் கையில் கொடுத்தனுப்புவது மேல்.

அசல் வர 18 நாள் போதாமல் போகலாம். அதனால் முதல் வாய்தாவில் மாமியார் தம் பங்குக்கு வக்காலத்துப் போட்டுவிடட்டும். இரண்டாம் பிரதிவாதி ராணுவப் பணியில் இருக்கிறார், அதிகாரக் கடிதம் வந்துகொண்டிருக்கிறது என்று மெமோ கொடுத்து அவகாசம் கேளுங்கள். படைவீரருக்கான சம்மன் அவருடைய கமாண்டிங் ஆபீசர் வழியாகப் போக வேண்டும் என்று 5-வது கட்டளையின் 28-வது விதி சொல்கிறது. நீங்கள் வாங்கியதை முறையான சார்வு (சம்மனை உரியவரிடம் சேர்ப்பித்தல்) அல்ல என்று வாதிட இது இடம் தரும். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பதிலுரைக்கு சம்மன் சார்வான நாளிலிருந்து 30 நாள், காரணம் காட்டினால் 90 நாள் வரை. நீங்கள் கையெழுத்திட்ட தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவேளை ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டால் ரத்து மனுவுக்கு 30 நாள். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கு.

சாட்சி கட்டம் வேறு. கணவருக்கு மட்டுமே நேரில் தெரிந்ததை, உதாரணமாக அப்பாவும் சித்தப்பாவும் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதை, அதிகாரக் கடிதத்தை வைத்துக்கொண்டு நீங்கள் சொல்ல முடியாது. அதற்கு அவர் வர வேண்டும், அல்லது நீதிமன்றம் நியமிக்கும் கமிஷன் மூலம் விசாரிக்கக் கேட்க வேண்டும். அவர் லீவு கேட்கும்போதே, லீவு தொடங்கும் நாள், முடியும் நாள், வழக்கு விவரம் அடங்கிய சான்றை யூனிட்டில் வாங்கச் சொல்லுங்கள். ராணுவச் சட்டம் 32-வது பிரிவின்படி, இயன்றவரை அந்த லீவுக்குள் விசாரணையை முடிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும்; முடியாவிட்டால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கான மனுவுக்குக் கட்டணம் இல்லை.

வக்கீல் செலவு கவலையாக இருந்தால் மாமியார் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுச் செய்யலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

இன்று அவர் போன் செய்யும்போது வழக்கு எண்ணையும் நீதிமன்றத்தின் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நாளையே அவர் தம் அதிகாரியைப் பார்க்கட்டும்.