மூன்று சுற்றுக் கம்பி: திகில் குறும்படத்தின் முதல் மூன்று நிமிடங்கள்

கொக்குவிலிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் தனியாக வாழும் வீட்டை மையமாக வைத்து 18 நிமிடத் திகில் குறும்படம் ஒன்றை எடுத்திருக்கிறார். இரத்தம் தோய்ந்த கத்தியின் குளோசப்புடன் படம் தொடங்குகிறது. அடுத்து ‘மூன்று நாட்களுக்கு முன்’ என்ற எழுத்து வருகிறது. பிறகு தபாலதிபர் இருட்டில் நடந்து வர, அவருடைய தனிமையைப் பின்னணிக் குரலொன்று விவரிக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் கனத்த இசை ஓடுகிறது. பார்த்த நண்பர்கள் ‘நல்லா எடுத்திருக்கிறாய்’ என்றார்களே தவிர ஒருவரும் பயப்படவில்லையாம். முதல் மூன்று நிமிடங்களுக்குள் பாத்திரத்தையும் அறிமுகப்படுத்தி அச்சத்தையும் ஊட்டுவது எப்படி, இரண்டில் எதை முதலில் செய்வது என்று கேட்கிறார்.

இரண்டையும் தனித்தனி வேலைகளாகப் பிரித்ததில்தான் சிக்கல் தொடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு மனிதர் நாள்தோறும் என்ன செய்கிறார் என்பதை நாம் அறிந்த பிறகுதான், அந்த ஒழுங்கில் ஓர் இழை பிசகும்போது நமக்கு வயிறு கலங்கும். பிசகியதைக் கண்டதும் அவர் என்ன செய்கிறார் என்பதிலிருந்துதான் அவர் யார் என்பதும் நமக்குப் புரியும். அதாவது, பழக்கத்தைக் காட்டும் காட்சியே அச்சத்துக்கு அத்திவாரம் இடுகிறது, அச்சம் புகும் காட்சியே பாத்திரத்தைத் திறக்கிறது. உங்கள் படத்தில் இருட்டும் இசையும் இருக்கின்றன. குலைவதற்கு ஓர் ஒழுங்கு மட்டும் இல்லை.

உங்கள் கதைக்குள்ளிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். தபாலதிபர் ஒவ்வோர் இரவும் படலையைச் சாத்தி, ஒரு துண்டுக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டுகிறார். வாழ்நாள் முழுவதும் காசுக்கட்டளையும் முத்திரையும் எண்ணிய கை அல்லவா? ‘ஒண்டு, ரெண்டு, மூண்டு’ என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றுகிறார். முதல் இரவு இதை இருபத்தைந்து விநாடிகள் ஆறுதலாகக் காட்டுங்கள். கம்பிக்குக் குளோசப் வைக்க வேண்டாம், வைத்தால் அது பின்னால் தேவைப்படும் பொருள் என்று பார்வையாளர் உடனே கணக்குப் போட்டுவிடுவார். இரண்டாம் இரவு அதே இடத்தில், அதே உயரத்தில் கமராவை வைத்து எட்டு விநாடிகளில் முடித்துவிடுங்கள். ஒருமுறை நடப்பது வெறும் செயல், இரண்டாம் முறை நடக்கும்போதுதான் அது பழக்கம் ஆகிறது. மறுநாள் விடிய அவர் பத்திரிகை எடுக்கப் படலைக்கு வருகிறார். கம்பி இரண்டு சுற்றாக இருக்கிறது. குளோசப்பை இங்கே வையுங்கள்.

இனி வருவதுதான் முழுப் படத்தையும் தீர்மானிக்கும். அவர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ‘தம்பி, இரவு ஆரும் வந்தவையோ?’ என்று கேட்டால் அவர் ஒளிக்க ஒன்றுமில்லாத மனிதர், அச்சம் வெளியிலிருந்து வருகிறது. ஒழுங்கையின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் கம்பியை அவிழ்த்து மறுபடியும் மூன்று சுற்றாகக் கட்டினால், வந்தவர் யார் என்பது அவருக்குத் தெரியும் என்ற ஐயம் நமக்குள் விழுந்துவிடும். அந்தக் கணத்திலிருந்து நாம் அவருக்காகப் பயப்படுவதோடு அவரைக் கண்டும் பயப்படத் தொடங்குவோம். உங்கள் திரைக்கதையில் அவர் பழைய கடிதம் ஒன்றை மறைத்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டாவது வழியே உங்களுடையது. பின்னணிக் குரல் நான்கு வாக்கியங்களில் சொன்னதைவிடக் கூடுதலாக இந்தச் செயல் சொல்லிவிடும்.

பின்னணிக் குரலை எடுத்துவிட்டால் பாத்திரம் விளங்காமல் போய்விடுமோ என்ற தயக்கத்துக்கு ஹிட்ச்கொக்கின் 1954ஆம் ஆண்டுப் படமான ‘ரியர் விண்டோ’ நல்ல மறுமொழி. அதன் தொடக்கத்தில் கமரா அறைக்குள் மெதுவாகத் திரும்பி, மாவுக்கட்டுப் போட்ட காலையும், உடைந்த கமராவையும், பந்தயக் கார் விபத்தின் புகைப்படத்தையும் அடுத்தடுத்துக் காட்டுகிறது. நாயகன் தன்னைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதற்கு முன்பே, ஆபத்தை நெருங்கிப் படமெடுக்கும் புகைப்படக்காரர், அதனாலேயே காலை முறித்துக்கொண்டு வீட்டோடு முடங்கியிருக்கிறார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

பிரிட்ஸ் லாங்கின் ‘எம்’ (1931) என்ற படம் இன்னும் நெருக்கமாக உங்களுக்கு உதவும். பாடசாலை விட்டு வரவேண்டிய மகளுக்காக ஒரு தாய் மதிய உணவு மேசையை ஆயத்தம் செய்கிறாள். நேரம் கடக்கிறது. அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். வெறும் படிக்கட்டு, வெறும் பரண், தொடப்படாத சாப்பாட்டுக் கோப்பை, புல்லில் உருண்டு வந்து நிற்கும் பந்து, கம்பிகளில் சிக்கிய பலூன் ஆகியவற்றைத்தான் நாம் பார்க்கிறோம். மகளின் கொலை காட்டப்படவே இல்லை. தாயின் அன்றாட ஒழுங்கு எங்களுக்கு முன்பே பழகிவிட்டபடியால், அந்தக் கோப்பையைப் பார்க்கவே முடியவில்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் கை குளிர்கிறது.

கத்தியைப் பற்றி: சாவோடு தொடங்குவது பிழையென்று நான் சொல்லமாட்டேன். 1954இல் வெளிவந்த எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ துப்பாக்கிச் சூட்டோடுதான் தொடங்குகிறது. ஆனால் இறந்தவர் எப்படிப்பட்டவர் என்பதை ஒவ்வொருவர் வாக்குமூலமாகத் தேடுவதே அந்தக் கதை என்பதால், அச்சாவு அங்கே கேள்வியாக நிற்கிறது. உங்கள் கதையோ வரப்போவதை எண்ணிப் பதறவைக்கும் கதை. கத்தியை முதலிலேயே காட்டினால் முடிவைப் பாதி சொன்னதாகிவிடும். அதை எடுத்துவிடுங்கள், ‘மூன்று நாட்களுக்கு முன்’ என்ற எழுத்தும் தானாகவே தேவையற்றுப் போகும்.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் எடுக்கும் படத்துக்கு அது பெரிய சொத்து. பயப்படக் காரணம் வருவதற்கு முன்பே இசை பயப்படச் சொன்னால் பார்வையாளர் தற்காப்புக்குப் போய்விடுவார். முதல் இரண்டு நிமிடங்களுக்கு இசையே வேண்டாம். வடலிகளில் காய்ந்த ஓலை உரசும் சத்தம், தூரத்துக் கோயில் மணி, விறாந்தைக் கதிரையின் முனகல் ஆகியவற்றைத் தனியே பதிவு செய்யுங்கள். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த வளவின் வெறும் அமைதியையும் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் இரவு, அவர் படுத்த பிறகு, ஒழுங்கையின் தொலைவிலுள்ள நாய் ஒன்று குரைக்கட்டும், பிறகு அதைவிடக் கிட்ட இன்னொன்று, பிறகு பக்கத்து வளவு நாய். குரைப்பு வீட்டுக்கு வீடு நெருங்கி வருவதைக் கேட்டே, ஒழுங்கையில் ஆட்கள் நடந்து வருவதைப் போர்க்கால இரவுகளில் விளக்கை அணைத்துவிட்டு அறிந்துகொண்டவர்கள் எங்கள் பார்வையாளர்கள். அந்த நினைவு கனமானது. ஆகையால் ஒரே ஒரு முறை மட்டும், கதைக்குத் தேவையான இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். திடுக்கிடவைக்கும் வித்தையாக்கினால் அவர்களுடைய வலியை மலிவாக்கியதாகும்.

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாக: விலை குறைந்த கமராவில் முழு இருட்டு புள்ளி புள்ளியாகத்தான் விழும். பொழுதுபடும் வேளையில் எடுங்கள். இங்கு அந்த நீல வெளிச்சம் 20 நிமிடங்களுக்கு மேல் நிற்காது, எனவே இரண்டு இரவுக் காட்சிகளையும் அடுத்தடுத்த மாலைகளில் ஒத்திகை பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

பாண் ஓட்டோவின் மெட்டு நள்ளிரவில் கேட்பது, கிணற்றடியில் நனைந்த காலடி என்று நீங்கள் பட்டியலிட்டிருப்பவை எனக்கும் பிடித்திருக்கின்றன. ஆயினும் முதல் மூன்று நிமிடங்களில் பிசகுவது கம்பி ஒன்றாகவே இருக்கட்டும். மற்றவற்றை ஐந்தாம் நிமிடத்துக்குப் பிறகு வையுங்கள். அவர் கம்பியை மூன்றாவது சுற்றுச் சுற்றி முடித்து, வாய் அசையாமல், இம்முறை எண்ணாமல் உள்ளே திரும்பி நடக்கும்போது படத்தின் பெயரைப் போடுங்கள்.