ஓர் அடிக்கு ஆறு டாலர்

அன்புள்ள ஐயா,

கலிஃபோர்னியாவின் மான்டரே கடற்கரையைப் பற்றிய உங்கள் கட்டுரையில் பெபிள் பீச் கோல்ஃப் மைதானத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். “பணம் உள்ளவர்கள் கடலைப் பார்த்தபடி பந்தைத் தொலைக்கும் இடம்” என்று. படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் சுட்டது. வரும் ஜூலையில் நானும் அங்கே பந்தைத் தொலைப்பதாக இருக்கிறேன்.

சான் ஹோசேயில் மென்பொருள் வேலை. கோல்ஃப் ஆடத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சனிக்கிழமைக் காலைகளில் நகராட்சி மைதானத்தில் ஆடுகிறேன். 18 குழிகளையும் பந்தை 110 தடவைக்குள் அடித்து முடித்துவிட்டால் அன்று எனக்குத் தீபாவளி. அலுவலகத்தில் மேலாளரும் இன்னும் இரண்டு பேரும் பெபிள் பீச் போகிறார்கள். நான்காவது ஆளாக என்னைக் கூப்பிடுகிறார்கள். ஆட்டக் கட்டணம் மட்டும் 675 டாலர். பை தூக்கும் கேடிக்குத் தனி. அந்தப் பணத்துக்கு வருடம் முழுக்க நம் ஊர் மைதானத்தில் ஆடலாமே என்கிறார் மனைவி. வாழ்க்கையில் ஒருமுறைதானே என்கிறார்கள் நண்பர்கள். எல்லோருக்கும் திறந்த மைதானம் என்று சொல்லிக்கொண்டு இவ்வளவு வாங்குவது நியாயமா? கொடுக்கிற காசுக்கு அங்கே அப்படி என்னதான் கிடைக்கிறது?

சரவணன்
சான் ஹோசே

அன்புள்ள சரவணன்,

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 675 டாலரை 110ஆல் வகுத்தால் ஓர் அடிக்கு ஆறு டாலர் சொச்சம். 2000ஆம் ஆண்டு யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாளில் டைகர் வுட்ஸ் அதே மைதானத்தை 67 அடிகளில் முடித்தார். அவர் உங்களைப் போலக் காசு கட்டி ஆடியிருந்தால் அடிக்குப் பத்து டாலர் விழுந்திருக்கும். மோசமாக ஆட ஆட விலை மலிந்துகொண்டே போகிற விளையாட்டு இது. உங்கள் மனைவியிடம் இந்த வாதத்தை வைத்துப் பாருங்கள். எடுபடும் என்று உத்தரவாதம் தர மாட்டேன்.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு செலவு. பெபிள் பீச்சில் முன்கூட்டியே ஆட்ட நேரம் பதிவு செய்ய வேண்டுமானால் அவர்களுடைய விடுதியில் இரண்டு இரவு தங்கியாக வேண்டும். தங்காதவர்களுக்கு, ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஏதாவது நேரம் மிச்சமிருந்தால் கிடைக்கும். உங்கள் குழு ஜூலைக்கு இப்போதே நாள் குறித்திருக்கிறது என்றால் யாரோ அறையும் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அங்கே ஓர் இரவு வாடகை ஆயிரம் டாலரை ஒட்டி வரும். இருவருக்கு ஓர் அறை என்று பங்கு பிரித்தாலும், கேடி கூலி, அவருக்குத் தரும் அன்பளிப்பு, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் உங்கள் தலையில் விழுவது இரண்டாயிரம் டாலரைத் தொட்டுவிடும். அந்த அறைக் கணக்கை மேலாளரிடம் இன்றே கேட்டுவிடுங்கள். ஜூலையில் கேட்டால் முகம் சுளிப்பார்.

இனி நியாயத்துக்கு வருவோம். நம் ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் கோல்ஃப் என்றால் பெரும்பாலும் கிளப்தான். உறுப்பினராக இருக்க வேண்டும், இல்லையென்றால் உறுப்பினர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான மைதானங்களில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி ஆடலாம். அவற்றில் நகராட்சியோ மாநில அரசோ நடத்துபவை உண்டு. தனியார் நிறுவனம் நடத்துபவையும் உண்டு. பெபிள் பீச் தனியாருடையது. அந்த நிறுவனத்திடம் போய் நியாய விலை கேட்பது நகைக்கடையில் போய் ரேஷன் அட்டையை நீட்டுவது போல.

ஆனால் அந்த மைதானம் இன்று உங்களுக்குத் திறந்திருப்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1990இல் மினோரு இசுதானி என்ற ஜப்பானியத் தொழிலதிபர் விடுதிகள், பக்கத்து மைதானங்கள் எல்லாவற்றோடும் இந்த நிறுவனத்தை ஏறக்குறைய 84 கோடி டாலருக்கு வாங்கினார். போட்ட பணத்தை எடுக்க அவர் வகுத்த வழி, ஆளுக்குப் பல லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு உறுப்பினர் உரிமை விற்பது. கலிஃபோர்னியாவின் கடற்கரை ஆணையம் குறுக்கே வந்து நின்றது. உறுப்பினர்கள் வந்துவிட்டால் மற்றவர்களுக்கு ஆட்ட நேரம் குறைந்துவிடும் என்பது அதன் கவலை. திட்டம் படுத்துவிட்டது, 1992இல் 50 கோடி டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறினார். 1999இல் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட், கோல்ஃப் வீரர் ஆர்னால்ட் பால்மர், தொழிலதிபர் பீட்டர் யூபராத் முதலியோர் சேர்ந்த குழு 82 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. கட்டணம் இவ்வளவு ஏறியதற்குப் புல் வெட்டும் கூலியைக் காரணம் சொல்ல முடியாது. இரண்டாவதாக ஒரு பெபிள் பீச் இல்லை. பகல் வெளிச்சமும் இவ்வளவுதான். அதற்குள் ஆடக் காத்திருப்பவர்கள் உலகம் முழுதும் இருக்கிறார்கள். எவ்வளவு கேட்டாலும் கொடுக்க ஆள் இருப்பதால் கேட்கிறார்கள்.

என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்கள். நான் அங்கே ஆடியதில்லை. அங்கே பிப்ரவரியில் நடக்கும் போட்டியின்போது கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு கூட்டமாக நடந்திருக்கிறேன். அப்போது அதில் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு நிறுவனத் தலைவர்களும் நடிகர்களும் சோடி சேர்ந்து ஆடினார்கள். நான் பார்த்தது பெரும்பாலும் அவர்களைத்தான்.

7ஆவது குழி மொத்தமே 106 கஜம். கீழ்நோக்கிச் சரிந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூக்கில், சுற்றிலும் மணல் பள்ளங்களோடு, ஒரு சின்னப் பச்சைத் துண்டு. காற்று இல்லாத நாளில் வெட்ஜ் என்ற குட்டை மட்டையால் பந்தைச் சும்மா தூக்கிப் போட்டால் போதும். காற்று எழுந்துவிட்டால் அதே தூரத்துக்கு தொலைவுக்கு அடிக்கும் நீள இரும்பு மட்டைகளைத் தேடுவார்கள். 1992 யு.எஸ். ஓப்பன் கடைசி நாளில் அப்படிப்பட்ட காற்றில் டாம் கைட், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனைத் தவறவிட்டு, வெளியிலிருந்து பந்தை மெல்லத் தூக்கி அடித்து நேரே குழிக்குள் இறக்கினார். கோப்பை அவருக்குப் போனது.

அடுத்த குழி இன்னும் பொல்லாதது. முதல் அடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு மேட்டின் மேல். ஏறிப் போனால் தரை திடீரென்று முடிந்துபோகிறது. கீழே பாறையும் நுரையும். கிரீன் அக்கரையில் இருக்கிறது. இரண்டாவது அடிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று கோல்ஃப் மேதை ஜாக் நிக்லஸ் சொல்லுவார். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய மனிதர் அங்கே அடுத்தடுத்து மூன்று பந்துகளைக் கீழே அனுப்பினார். நான்காவதை எடுக்கப் பையில் கை விட்டபோது கேடி மெல்லத் தலையை ஆட்டினார். பெரிய மனிதர் பந்தைப் பைக்குள் போட்டுவிட்டு, காரியம் முடிந்தது போலக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கட்டுரையில் வந்த வரி அவரைப் பார்த்து எழுதியது. அதைத் திரும்பப் பெறும் உத்தேசம் இல்லை.

4 முதல் 10 வரை, பிறகு 17, 18. கடலோரம் இருப்பவை இவ்வளவுதான். பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 11இலிருந்து 16 வரை கடலை விட்டு உள்ளே போகின்றன. அந்தப் பகுதியைக் கட்டணத்துக்குப் பொருத்தமானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு ஊரில் இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கிரீன்கள் மிகச் சிறியவை. அவற்றில் இருப்பது போவா ஆன்யுவா என்ற புல். காலையில் வெட்டியதும் பட்டுத் துணி. பிற்பகலில் கதிர் விட்டு மேடு தட்டிவிடும். இரண்டடித் தூரத்தில் தட்டிய பந்துகூடக் குழியின் வாயருகே துள்ளி விலகும். உங்களுக்கு மதியம் இரண்டு மணிக்கு நேரம் கொடுத்தாலும் கட்டணம் அதேதான்.

1919இல் திறந்த இந்த மைதானத்தை வடிவமைத்த ஜாக் நெவில், டக்ளஸ் கிராண்ட் இருவரும் அதற்கு முன் ஒரு மைதானமும் கட்டியதில்லை. நெவில் அதே நிறுவனத்தில் நிலம் விற்றுக்கொண்டிருந்தவர். நிறுவனத்தின் தலைவர் சாமுவேல் மோர்ஸ், கடலோரத்தை வீட்டு மனைகளாகப் பிரித்து விற்பதைவிட ஆட்டத்துக்கு ஒதுக்குவதே லாபம் என்று கணக்குப் போட்டார். அதற்கு முன்பே 1915இல் கைமாறிவிட்ட ஒரே ஒரு கடலோரத் துண்டால் 5ஆவது குழியை உள்ளே தள்ளிக் கட்ட வேண்டியதாயிற்று. அந்த நிலத்தைத் திரும்ப வாங்கி, நிக்லஸைக் கொண்டு புதுக் குழி அமைத்துத் திறந்தது 1998இல்.

இதையெல்லாம் படிக்கும்போது உங்களுக்கு உள்ளே ஏதாவது துடிக்கிறதா? 1982இல் டாம் வாட்சன் 17ஆவது குழியில் அடர்ந்த புல்லுக்குள்ளிருந்து நேராகக் குழியில் இறக்கி நிக்லஸை வீழ்த்திய காட்சியை ஒரு முறையாவது யூடியூபில் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால், அந்த இடத்தில் பந்தை வைத்து நீங்களும் ஒரு முறை முயல்வதற்கு 675 டாலர் அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன். சிதம்பரத்துக்கு ரயிலேறுகிறவரிடம் கட்டணத்தைப் பற்றி யாரும் வாதாடுவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் வாட்சனும் இல்லை, நிக்லஸும் இல்லை. மேலாளர்தான் இருக்கிறார்.

விலை நியாயமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. அந்த ஊர்க்காரன் அங்கே என்ன கொடுக்கிறான்? நியூயார்க்கின் லாங் ஐலண்டில் பெத்பேஜ் பிளாக் என்று ஒரு மைதானம் இருக்கிறது. மாநில அரசுப் பூங்காவுக்குள், 1936இல் திறந்தது. யு.எஸ். ஓப்பன் இரண்டு முறை நடந்த இடம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் தவிர மற்றவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள் என்று முதல் குழியிலேயே எச்சரிக்கைப் பலகை. அங்கே நியூயார்க் மாநிலத்தவர் நூறு டாலருக்குள் ஆடலாம். வெளி மாநிலத்தவருக்கு அதைவிட அதிகம். நேரம் கிடைக்காதவர்கள் முந்தைய இரவே வந்து, எண் போட்ட இடத்தில் காரை நிறுத்தி அதற்குள்ளேயே தூங்கி, விடியற்காலையில் வரிசையில் நிற்பார்கள். ஆடும்போது ஏறிச் செல்ல வண்டி கிடையாது, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தே ஆக வேண்டும். 2025இல் அமெரிக்க அணியும் ஐரோப்பிய அணியும் மோதும் ரைடர் கோப்பை அங்கே நடந்தபோது ஒரு நாள் போட்டியைப் பார்க்க டிக்கெட் ஏறக்குறைய 750 டாலர். ஆடுவதற்கு ஆவதைவிட வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதற்குப் பல மடங்கு!

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓல்ட் கோர்ஸ் என்ற மைதானத்துக்கு 2024 கோடையில் வெளியூர்க்காரர் கொடுத்தது 320 பவுண்டு. அதுவும் விலை உயர்ந்ததுதான். ஆனால் அந்த நிலம் ஊருடையது. அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. உள்ளூர்வாசி சில நூறு பவுண்டில் ஆண்டுச் சீட்டு வாங்கி வருடம் முழுக்க ஆடுகிறார். உங்களைப் போன்றவர்கள் இரண்டு நாளுக்கு முன் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம், விழுந்தால் ஆட்டம். ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றும் கேட்பார்கள். பெபிள் பீச்சில் கேட்பது கிரெடிட் கார்டு மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் கோர்ஸில் வழக்கமாக ஆட்டமே இல்லை. ஊர்மக்கள் ஃபேர்வே என்ற நடுப் புல்வெளியில் நாயோடு நடக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன. வெளியூர்க்காரர் கொடுக்கும் பணம் அந்த ஊருக்கே திரும்பிப் போகிறது என்று தெரிந்தால் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. உங்கள் மாநிலத்திலேயே சான் டியேகோவின் டோரி பைன்ஸும் நகராட்சியுடையது. அங்கும் ஊர்க்காரருக்கு ஒரு விலை, வந்தவருக்கு ஒரு விலை.

இன்னொரு ரகமும் உண்டு. லாஸ் வேகஸில் ஷேடோ க்ரீக். பாலைவனத்தைத் தோண்டி, மரங்களை எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டு, செயற்கையாக ஓடைவிட்ட இடம். கட்டணம் ஆயிரம் டாலருக்கு மேல். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

ஆகவே, கேட்டதால் சொல்கிறேன்: இந்த முறை போகாதீர்கள். மேலாளரிடம் நாகரிகமாக மறுத்துவிடுங்கள். கெடுபிடி வந்தால் மனைவியின் மேல் பழியைப் போடலாம். அவர் பக்கம்தான் கணக்கு இருக்கிறது. பதிலாக ஒரு சனிக்கிழமை பசிஃபிக் குரோவுக்குக் காரை விடுங்கள். பெபிள் பீச்சிலிருந்து சில மைல் தள்ளி நகராட்சி நடத்தும் மைதானம். கட்டணம் பெபிள் பீச்சில் வாங்குவதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. முதல் ஒன்பது குழிகள் வீடுகளுக்கு நடுவே போகும். ஃபேர்வேயில் மான்கள் படுத்திருக்கும், பந்து பக்கத்தில் விழுந்தாலும் எழுந்திருக்காது. பின் ஒன்பதும் மணல் மேடுகளில், 1855இலிருந்து எரியும் பாயின்ட் பினோஸ் கலங்கரை விளக்கத்தை ஒட்டி. அந்த ஒன்பதை 1960இல் அமைத்தவர் அதே ஜாக் நெவில். அதே காற்று, அதே உப்பு. 110 அடி ஆடினாலும் பின்னால் யாரும் பெருமூச்சு விட மாட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும், பெபிள் பீச்சுக்குப் போகும் 17 மைல் சாலையின் வாயிலில் காருக்குப் பத்துப் பன்னிரண்டு டாலர் கட்டி உள்ளே போங்கள். பெபிள் பீச் விடுதியின் பின்புறம் 18ஆவது கிரீன் இருக்கிறது. ஓரமாக நின்று, வருகிறவர்களைப் பாருங்கள். அதன் பிறகும் ஆசை விடவில்லை என்றால், தனி ஆளாக முந்தைய நாள் தொலைபேசியில் கேளுங்கள். ஒற்றை ஆளுக்கு எங்காவது ஓர் இடம் கிடைத்துவிடும், அறை வாடகை மிச்சம். செப்டம்பர், அக்டோபரில் கேளுங்கள். ஜூலையில் அந்தக் கரையில் மூடுபனி இறங்கினால் மதியம் வரை விலகாது. 675 டாலர் கட்டியவருக்குக் கடலும் தெரியாது, பந்து போன திசையும் தெரியாது.