முயல் குழம்பும் மோட்டன் குழுவும்

அன்புள்ள ஐயா,

பென்னி மோட்டன் நடத்திய அமெரிக்க ஜாஸ் குழுவைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, அவர்களுடைய 1932 பதிவுகளைத் தேடிக் கேட்டேன். ஜாஸ் எனக்குப் புதிது. ஆனாலும் சும்மா உட்கார்ந்து கேட்க முடியவில்லை, கால் தானாகத் தாளம் போடுகிறது. அந்தப் பதிவு நடந்த நாட்களில் அவர்கள் கையில் காசில்லாமல் பட்டினி கிடந்தார்கள் என்று அப்புறம்தான் வேறோர் இடத்தில் படித்தேன். பசியோடு இருப்பவர்களிடமிருந்து இவ்வளவு துள்ளலான இசை எப்படி வரும்? துன்பம்தான் அவர்களை அப்படி வாசிக்க வைத்தது என்கிறார் என் நண்பர். எனக்கும் அது சரி என்றே படுகிறது. இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள். தினமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற எனக்கு, இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என்று சுற்றிய அந்த வாழ்க்கைமேல் பொறாமையாக இருக்கிறது.

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

பொறாமையைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் உங்கள் நண்பரோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும்.

பட்டினிக் கதை உண்மைதான். குழுவில் இருந்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். 1932 டிசம்பர். கன்சாஸ் சிட்டியிலிருந்து கிழக்கே வாசிக்கப் போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். நியூ ஜெர்ஸியில் கேம்டன் என்ற ஊரில் விக்டர் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பதிவு செய்ய வேண்டும், அங்கே போய்ச் சேரவே வழியில்லை. அப்போது ஆர்ச்சி என்று ஒருவர் ஓட்டை பஸ் ஒன்றோடு வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டார். எங்கிருந்தோ முயலும் ரொட்டியும் தேற்றிக்கொண்டு வந்தார். பூல் ஆடுகிற மேஜை ஒன்றின்மேல் வைத்தே முயல் குழம்பு சமைத்து, ஆளுக்குக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு பதிவுக்குப் போனார்கள். டிசம்பர் 13-ஆம் தேதி, தேவாலயமாக இருந்து ஸ்டுடியோவாக மாறிய ஒரு கட்டடத்தில், ஒரே நாளில் பத்துப் பாட்டு. பியானோவில் பில் பேஸி, அதாவது பின்னாளில் தனிக் குழு நடத்திப் புகழ்பெற்ற கவுன்ட் பேஸி. ட்ரம்பெட்டில் ஹாட் லிப்ஸ் பேஜ், டெனர் சாக்ஸஃபோனில் பென் வெப்ஸ்டர், ஆள் உயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸில் வால்டர் பேஜ். நீங்கள் கேட்ட ‘மோட்டன் ஸ்விங்’, ‘டோபி’ இரண்டும் அன்று பதிவானவைதான்.

சரி, துன்பம்தான் வாசிக்க வைத்தது என்றால் அந்த வருடம் அமெரிக்காவில் பட்டினி கிடந்தவர்கள் எல்லோரும் ‘டோபி’ வாசித்திருக்க வேண்டுமே. வாசித்தது இந்த ஒரு பஸ் ஆட்கள்தான். ஏன் என்பதற்கு விடை முயல் குழம்பில் இல்லை. அதற்கு முந்தைய ஐந்தாறு வருடங்களில் அவர்கள் வாசித்துத் தள்ளிய நடன ராத்திரிகளில் இருக்கிறது.

நடனக் கூடத்துக்கு வருகிறவர்கள் ஆட வருகிறவர்கள். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் நள்ளிரவு தாண்டியும் போகும். வாசிப்பு பிடிக்கவில்லை என்றால் அவர்கள் முகம் சுளிப்பதில்லை, ஆடுவதை நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். தளம் காலியாவது மேடையிலிருந்து நன்றாகத் தெரியும். கூடத்து முதலாளிக்கும் தெரியும், அப்புறம் அந்த ஊரிலிருந்து அழைப்பு வராது. ஆகவே அந்தத் துள்ளல் அவர்களுடைய மனநிலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அவர்களுடைய தொழில். பசியோடு இருக்கும் நல்ல தச்சர் செய்கிற நாற்காலியும் ஆடாமல்தான் நிற்கும்.

அந்தத் தொழிலில் ஒரே ஒரு நுணுக்கத்தை மட்டும் சொல்கிறேன். 1920-களின் நடனக் குழுக்களில் அடிநாதத்துக்கு டியூபா என்ற பெரிய ஊதுவாத்தியம்தான் வழக்கம். ஊதுகிறவர் மூச்சு வாங்க வேண்டும், அதனால் நான்கு அடியில் பெரும்பாலும் இரண்டைத்தான் அது தொடும். வால்டர் பேஜ் டியூபாவும் வாசிப்பார், பேரிடோன் சாக்ஸஃபோனும் வாசிப்பார், டபுள் பேஸும் வாசிப்பார். அவர் டபுள் பேஸின் தந்தியை விரலால் இழுத்து நான்கு அடியையும் ஒரே சீராக நடக்கவிட்டபோது, பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் சுமை குறைந்தது. பியானோக்காரர் இடது கையால் தாளத்தை இடித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. பேஸி பின்னாளில் இரண்டே சுரத்தைத் தொட்டுவிட்டுச் சும்மா இருப்பாரே, அந்தத் தைரியம் பேஜ் கொடுத்தது என்றே நான் நினைக்கிறேன். ‘மோட்டன் ஸ்விங்’ பதிவை இன்னொரு முறை போட்டு, மற்றவர்களை விட்டுவிட்டு டபுள் பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.

இன்னொரு விஷயம், தாளில் எழுதாமலே பாட்டை அமைக்கிற வழக்கம். சாக்ஸஃபோன் வரிசையில் ஒருவர் சின்னதாக ஒரு சங்கதியை ஊதுவார். பக்கத்தில் இருப்பவர் அதற்கு இணைசுரம் பிடிப்பார். ட்ரம்பெட்காரர்கள் அதற்குப் பதில் சொல்வார்கள். அன்று ராத்திரி பிடித்துப்போனது மறுநாள் அடுத்த ஊரிலும் நினைவில் இருக்கும். ஒரே ஆட்கள் ஒரே வண்டியில் போய், தினமும் ஒரே வரிசையில் உட்கார்ந்தால்தான் இது கைகூடும். சாலை அவர்களுக்கு உருப்படியாகக் கொடுத்தது இதுதான். இதற்குப் பட்டினி எதற்கு? நேரத்துக்குச் சாப்பாடும் பேசிய சம்பளமும் கொடுத்திருந்தால் இதே இசை வந்திருக்கும், இன்னும் கூடுதல் காலம் வந்திருக்கும். துன்பத்தால் கலை பிறந்தது என்று சொல்வது, வசூலைச் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டிய ஆளுக்கு நன்றி சொல்வது போல ஆகிவிடுகிறது.

அப்படிப்பட்ட ஆட்கள் நிறையவே இருந்தார்கள், ஒப்பந்தம் இல்லாத குழுக்கள்தான் அவர்களிடம் சிக்கின. 1924-இல் சிகாகோவில் ஜூல்ஸ் ஸ்டைன் என்ற கண் டாக்டர் குழுக்களுக்கு வேலை பிடித்துக்கொடுக்கும் எம்.சி.ஏ. என்ற ஏஜென்சியைத் தொடங்கினார். ஒரு குழு ஒரே கூடத்தில் மாதக்கணக்கில் தங்குவதற்குப் பதில், ஊருக்கு ஒரு ராத்திரி என்று சுற்றவிட்டால் வருமானம் பெருகும் என்று கண்டுகொண்டவர் அவர். பெரிய குழுக்களுக்கு இப்படி ஏஜெண்ட், அட்வான்ஸ், ஒப்பந்தம் எல்லாம் அமைந்தன. ஓக்லஹோமா, கன்சாஸ், டெக்சாஸ் பக்கம் சுற்றிய கறுப்பினக் குழுக்களுக்குப் பெரும்பாலும் வாய்வார்த்தைதான். கூட்டம் வந்தால் பங்கு, மழை பெய்தால் கையை விரித்துவிடுவார்கள். அப்புறம் பொருளாதாரச் சரிவு வந்தது. 1927-இல் அமெரிக்காவில் சுமார் 10 கோடி இசைத்தட்டுகள் விற்றன, 1932-இல் சுமார் 60 லட்சம். மோட்டன் கேம்டனுக்குப் போனது அந்த 1932-இல்.

மோட்டன் குழுவில் பல பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். ஓக்லஹோமா சிட்டியில் வால்டர் பேஜ் நடத்திய குழு ப்ளூ டெவில்ஸ். 1927-இல் டல்சாவில் ஒரு ஹோட்டல் அறையில் பேஸி தூங்கிக்கொண்டிருக்கிறார். வெளியே ட்ரம்பெட் சத்தம். யாரோ ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வருகிறார். தெருவில் ஒரு லாரி, அதன்மேல் ப்ளூ டெவில்ஸ். அன்று ராத்திரி நடனத்துக்கு ஆள் சேர்க்க ஊருக்குள் வாசித்துக்கொண்டு வருகிறார்கள். மறு வருடம் பேஸி அவர்களோடு சேர்ந்துவிட்டார்.

ப்ளூ டெவில்ஸில் முதலாளி கிடையாது. வசூலில் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் போக மீதி எல்லோருக்கும் சமபங்கு. எந்த வேலையை ஏற்பது என்பதை வாக்கெடுத்து முடிவு செய்வார்கள். முதலில் படித்தபோது எனக்கு இது பெரிய உற்சாகத்தைக் கொடுத்தது. ஆனால் நடைமுறையில் அதுவே அவர்கள் காலை வாரியது. சின்சினாட்டியில் பியானோ கலைஞர் ஃபேட்ஸ் வாலர் வானொலி வேலைக்கு இவர்களைக் கூப்பிட்டார். மாதக்கணக்கில் ஒரே ஊரில் இருந்திருக்கலாம். சம்பளம் இன்னும் கூடக் கேட்க வேண்டும் என்று ஒரு பாதி, கிடைத்ததை ஏற்போம் என்று மறு பாதி. வேலை கைநழுவிப் போனது. குழுவின் சாக்ஸஃபோன்காரர் பஸ்டர் ஸ்மித் பல வருடம் கழித்தும் அந்த வாக்கெடுப்பை நினைவுகூர்ந்தார். பேஜ் அதற்கு முன்பே, 1931-இல், மோட்டனிடம் போய்விட்டார்.

மிஞ்சியவர்கள் 1933-இல் மேற்கு வர்ஜீனியாவில் ப்ளூஃபீல்ட் என்ற நிலக்கரி ஊர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். கச்சேரிக்குப் போய்வர வாடகைக் கார் அமர்த்தியிருந்தார்கள். வசூல் இல்லை, வாடகை பாக்கி ஏறியது. வாத்தியங்களை ஜப்தி செய்துவிட்டு, ரயில் பாதை வரைக்கும் கொண்டுபோய் விட்டு, ஊரைவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குழுவில் டெனர் சாக்ஸஃபோன் வாசித்தவர் லெஸ்டர் யங். ஓடுகிற சரக்கு ரயிலை எப்படிப் பிடித்து ஏறுவது என்று அங்கே திரிந்த நாடோடிகள் சொல்லிக்கொடுத்ததாகவும், சிராய்ப்போடும் அழுக்கோடும், வாத்தியமும் இல்லாமல் காசும் இல்லாமல் சின்சினாட்டி போய் இறங்கியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். ப்ளூ டெவில்ஸ் அதோடு கலைந்தது. கஷ்டம் கலையை வளர்க்கும் என்கிறவர்களிடம் நான் ப்ளூஃபீல்டைத்தான் காட்டுவேன். கஷ்டம் அங்கே செய்தது சாக்ஸஃபோனைப் பிடுங்கிக்கொண்டதுதான்.

இப்போது உங்கள் பொறாமை. அது எனக்கும் உண்டு, ஆனால் யார் வண்டியில் இடம் கேட்கிறோம் என்று பார்க்க வேண்டும். புகழ்பெற்ற ஜாஸ் குழுத் தலைவர் ட்யூக் எல்லிங்டன் 1930-களில், நிறப் பாகுபாடு கடுமையாக இருந்த தெற்கு மாநிலங்களுக்குப் போகும்போது ரயிலில் படுக்கை வசதியோடு இரண்டு தனிப் பெட்டிகளும், சாமான்களுக்கு ஒரு பெட்டியும் எடுத்துக்கொண்டு போனார். ஆடம்பரம் மாதிரித் தெரிந்தாலும் அது ஒரு தற்காப்பு. கறுப்பர்களுக்கு அறை கொடுக்காத ஊர்களில் ஹோட்டல் வாசலில் போய் நிற்கத் தேவையில்லை, ரயில் நிலையத்தின் ஓரத்தில் பெட்டியை நிறுத்தி அதிலேயே தூங்கலாம். அந்த வசதி இல்லாத குழுக்கள் கறுப்பின மக்கள் வீடுகளில் வாடகைக்குத் தங்கின. எந்த ஊரில் யார் வீட்டில் இடம் கிடைக்கும் என்பது ஒருவர் வாய்வழி இன்னொருவருக்குப் போன தகவல். நியூயார்க் ஹார்லெமில் வசித்த தபால்காரர் விக்டர் கிரீன், கறுப்பினப் பயணிகளுக்காக அப்படிப்பட்ட இடங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போடத் தொடங்கியது 1936-இல்தான். வழியில் உணவகங்கள் உள்ளே விடாததால் ரொட்டித் துண்டும் டப்பா மீனும் சாப்பாடு. தெற்கில் புகையிலைக் கிடங்குகளைக் காலி செய்து நடனம் நடத்துவார்கள், நடுவில் ஒரு கயிறு கட்டி வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம். இரண்டு பக்கமும் ஆடுவது ஒரே பாட்டுக்குத்தான். லெஸ்டர் யங் பதினெட்டு வயதில் அப்பாவின் குழுவைவிட்டு ஓடிப்போனதே, அப்பா மறுபடி தெற்கே போகத் திட்டமிட்டதால்தான்.

விபத்துகளைத் தனியாக எழுத வேண்டும். ஒரு நடனம் முடிந்து அடுத்த ஊருக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கார் ஓட்டிப் போவார்கள். 1940-இல் குழுத் தலைவர் ஹால் கெம்ப், 1941-இல் சாக்ஸஃபோன்காரர் சூ பெர்ரி என்று அந்தச் சாலைகள் பலி வாங்கியவர்கள் பலர். முதலாமவர் வெள்ளையர், வசதியான குழுவின் தலைவர். சாலை விபத்துக்கு நிறம் தெரியாது.

அத்தனைக்கும் நடுவே எனக்குப் பிடித்த ஓர் ஆள் பியானோக்காரர் மேரி லூ வில்லியம்ஸ். கணவர் ஜான் வில்லியம்ஸ் சாக்ஸஃபோன்காரர். அவருக்கு ஓக்லஹோமாவில் வேலை கிடைத்ததும், இவர் வெயில் காலத்தில் மெம்பிஸிலிருந்து ஒரு செவர்லே காரில் கிளம்பினார், டயர் வெடித்து வெடித்து வழியெல்லாம் நின்று நின்று போய்ச் சேர்ந்தார். குழுவில் இவருக்கு இடம் இல்லை. டல்சாவில் சும்மா இருக்கப் பிடிக்காமல், இறுதிச் சடங்கு நடத்தும் ஒருவரிடம் பிண வண்டி ஓட்டியிருக்கிறார்! 1929-இல் கன்சாஸ் சிட்டியில், கணவர் வாசித்த ஆண்டி கர்க் குழுவின் பதிவு நாளன்று பியானோக்காரர் வராமல் போக, இவரை உட்கார வைத்தார்கள். பிறகு அந்தக் குழுவின் மூளையே இவர்தான் என்று ஆனது. ஒரே ராத்திரியில் 500 மைல் போகிற காரில், டார்ச் வெளிச்சத்தில், வேறு அரை டஜன் குழுக்களுக்கும் இசை எழுதிக்கொண்டு போனதாகச் சொல்லியிருக்கிறார். மேடு பள்ளத்தில் குதிக்கும் வண்டியில் இசைக்குறிப்புத் தாளின் ஐந்து கோட்டுக்குள் புள்ளி வைப்பதை நினைத்துப் பாருங்கள். நீங்களும் நாற்காலியில் உட்கார்ந்துதான் கணக்கு எழுதுகிறீர்கள் என்பதால் அவர் கஷ்டம் எனக்குப் புரிவதைவிட உங்களுக்கு நன்றாகப் புரியும்.

உங்கள் நண்பர் இன்னும் மசியவில்லை என்றால் ஒரு சாட்சி வைத்திருக்கிறேன். ப்ளூ டெவில்ஸ் பதிவு செய்தது மொத்தமே இரண்டு பாட்டுகள், 1929 நவம்பரில் கன்சாஸ் சிட்டியில். ‘ப்ளூ டெவில் ப்ளூஸ்’, ‘ஸ்குவாப்ளின்’. முதல் பாட்டில் பாடுவது ஜிம்மி ரஷிங். முயல் குழம்புக்கு மூன்று வருடம் முன்பு, ஜப்திக்கு நான்கு வருடம் முன்பு. நீங்கள் மோட்டனிடம் கேட்டு ரசித்த அந்தத் துள்ளலின் பெரும்பகுதி அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆறு நிமிடம் போல வரும். ‘ஸ்குவாப்ளின்’ஐ முதலில் போடுங்கள், அப்புறம் ‘டோபி’. நண்பர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.